வயது பார்க்காதீர், வலுவைப் பாருங்கள்

கைலாசபுரம் கொதிகலன்காரர்களின் ஊர். 1965-ல் உற்பத்தியைத் தொடங்கிய பெல் தொழிற்சாலையின் குடியிருப்பு. கொதிகலன் நீராவியைத் தாங்குமா என்றறிய, வேலை அழுத்தத்துக்கு மேலேயே தண்ணீரைச் செலுத்திச் சோதிப்பது அந்தத் தொழிலின் தர்மம். அப்படிப்பட்ட ஊரிலும் கார் பாட்டரி விஷயத்தில் சோதனை கிடையாது, ஜோசியம்தான்!

"மூணு வருஷம் ஆச்சு சார், மாத்திடுங்க" என்பது ஒரு கட்சி. "ஆறு வருஷமா ஓடுது, தொடாதே" என்பது எதிர்க்கட்சி. இரண்டோடும் எனக்குச் சண்டை. முதல் கட்சி ஓய்வூதியக்காரரின் சில ஆயிரம் ரூபாயை வீணாக்குகிறது. இரண்டாவது, நள்ளிரவில் பிரசவத்துக்குக் கிளம்பும் வண்டியை வாசலிலேயே நிறுத்திவிடுகிறது.

காஸ்டன் பிளாண்டே 1859-ல் கண்டுபிடித்த இந்த ஈய-அமிலச் சாதனத்துக்கு நாள்காட்டி தெரியாது, வெயில் தெரியும். சூடு ஏற ஏற உள்ளே அரிப்பு வேகமாகும். திருச்சி வெயிலில் காய்கிற வண்டியும் கொட்டகையில் நிற்கிற வண்டியும் ஒன்றுபோல் மூப்படைவதில்லை. கடைத்தெருவரை ஓடி நிற்கிற வண்டியிலோ, செலவான மின்சாரம் முழுதும் திரும்பச் சேர்வதில்லை.

ஆகவே மூன்றாம் வருஷம் மாற்றுவதற்கல்ல, சோதிப்பதற்கு. இரவெல்லாம் ஓய்ந்திருந்த பாட்டரி காலையில் சுமார் 12.6 வோல்ட் காட்டினால் நிறைந்திருக்கிறது என்று பொருள். 12.4-க்குக் கீழே என்றால் முதலில் சார்ஜ் ஏற்றுங்கள். நிறைந்த பிறகும், ஸ்டார்ட் செய்யும்போது 9.6-க்குக் கீழே விழுந்தால் தயங்காமல் விடைகொடுங்கள்.

மனிதரைத்தான் சர்க்கார் வயது பார்த்து வீட்டுக்கு அனுப்புகிறது. பாட்டரிக்காவது பரீட்சை வைத்து நீதி வழங்கக்கூடாதா?