பைக்கில் ஊர் போகும் பெண்பிள்ளைகளுக்கு



நம் அரும்பாவூர்ப் பழைய மாணவிகள் நால்வர் இரண்டு பைக்கில் கொல்லிமலை போகிறார்களாம். "டீச்சர், என்னென்ன எடுத்துட்டுப் போகணும்?" என்று கேட்டார்கள். கேட்கவே சந்தோஷமாக இருந்தது.

முதலில் தண்ணீர். எடுத்துப் போனால் போதாது, குடிக்கவும் வேண்டும். அந்தக் காலத்தில் வீட்டுக்காரர் வண்டியில் வெளியூர் கிளம்பினால், வழியில் ஒதுங்க இடம் இருக்காதே என்று காலையிலிருந்தே தண்ணீர் தொடமாட்டேன். கடைசியில் நீர்க்கடுப்பு வந்து பத்து நாள் படுத்துவிட்டேன். அந்தக் கூச்சம் உங்களுக்கு வேண்டாம். பெட்ரோல் போடும்போதெல்லாம் அங்கே கழிப்பறை எங்கே என்று தைரியமாகக் கேளுங்கள். சிறு சோப்பும் டிஷ்யூ பேப்பரும் கைக்கு எட்டும் பையில் இருக்கட்டும்.

தேதி தள்ளி இருந்தாலும் நாலு நாப்கின் வையுங்கள். நான்கு முதல் ஆறு மணி நேரத்துக்குள் மாற்றிவிட வேண்டும். சுற்றிப் போடப் பழைய செய்தித்தாளும் ஒரு கவரும் போதும்.

துப்பட்டா சக்கரத்தில் சிக்கினால் கழுத்துக்கே ஆபத்து. உள்ளே செருகிப் பின் குத்துங்கள். சேலை கட்டிய அம்மாவை ஏற்றினால் சாரி கார்டு இருக்கிறதா பாருங்கள். பின்சக்கரத்தில் பாதியாவது மறைக்க வேண்டும் என்பது மத்திய மோட்டார் வாகன விதி 123. பின்னால் உட்காருபவருக்கும் ஹெல்மெட் கட்டாயம்.

குடும்பத்தோடு போகும் ஆண்பிள்ளைகளுக்கும் ஒரு வார்த்தை. மனைவியோ தங்கையோ வாய்விட்டுக் கேட்கும்வரை காத்திருக்காதீர்கள். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை, நல்ல கழிப்பறை உள்ள இடமாகப் பார்த்து நீங்களே வண்டியை நிறுத்துங்கள். அவர்களும் நிம்மதியாகத் தண்ணீர் குடிப்பார்கள்.

பத்திரமாகப் போய்வந்து படம் போடுங்கள், பிள்ளைகளே.