ஏரியில் ‘பாடு’ முறை உண்டு... அடுப்படியில் உண்டா? தொழிலுக்குப் போகாத நாளின் ஈஸி சிக்கன் சமையல்!

ஸ்ரீஹரிகோட்டாவில் ராக்கெட் கிளம்பினால் நாடே கைதட்டும். ஏரிக்கு இந்தப் பக்கம் இருக்கும் பழவேற்காட்டுக் குப்பங்களிலும் பிள்ளைகள் மாடியேறிப் பார்ப்பார்கள். ஆனால், அம்மாக்களின் கவலை வேறு. ராக்கெட் ஏவும் நேரத்தில் கடலுக்குப் போக வேண்டாம் என்று முன்கூட்டியே அறிவிப்பு வந்துவிடும். 2025 ஜனவரி 29 காலை 6.23 மணிக்கு ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து 100வது ராக்கெட் கிளம்பியது. கடற்கரை வீடுகளுக்கு இப்படிப்பட்ட நாள் என்றாலே, ‘இன்னிக்குத் தொழில் இல்லை’ என்றுதான் கணக்கு.

ராக்கெட் மட்டுமா? ஐப்பசி, கார்த்திகையில் புயல் சின்னம் என்றால் படகு கரையேறிவிடும். முகத்துவாரம் மணல் மூடிப்போனால் படகு கடலுக்குள் போவதே பெரும்பாடு. படகு போகாத நாளில் மீனும் இல்லை, காசும் இல்லை. ஆனால், வீட்டில் எல்லோரும் இருப்பார்கள். பள்ளிக்கூடமும் லீவு என்றால் கேட்கவே வேண்டாம். “அம்மா, இன்னிக்கு சிக்கன் செய்யேன்” என்று பிள்ளைகள் ஆரம்பித்துவிடுவார்கள்.

வரவு இல்லாத நாளில் செலவு வைக்கும் சமையல் இது. அதனால், கோழி கொஞ்சமாக வாங்கினாலும் வீடு முழுக்க வயிறார வேண்டும். இன்னொன்றும் உண்டு. படகுக்கு லீவு, வலைக்கு லீவு, பள்ளிக்கு லீவு. அடுப்படிக்கு மட்டும் லீவு கிடையாது. வழக்கமாக விடியும் முன்பே எழுந்து, கூடையோடு மார்க்கெட்டுக்குப் போய் மீன் விற்றுவிட்டு வரும் அம்மாவுக்கு, தொழில் இல்லாத நாளில் வேலை கூடத்தான் செய்கிறது.

பழவேற்காடு ஏரியில் ‘பாடு’ என்று ஒரு பழைய முறை இருக்கிறது. ஏரியில் நல்ல மீன்பாடு உள்ள இடத்தை ஒருவரே வளைத்துக்கொள்ள முடியாது. யாருக்கு எந்த நாள், எந்த இடம் என்று ஊர் கூடி முறை வைத்துக்கொள்வார்கள். கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடூர் மாதாகுப்பம் போன்ற ஊர்களின் இந்த ஏற்பாட்டைப் பற்றி வெளிநாட்டு ஆராய்ச்சியாளர்கள்கூட எழுதியிருக்கிறார்கள். ஏரியில் இவ்வளவு நியாயமாக முறை வைத்துக்கொள்ளத் தெரிந்தவர்கள், அடுப்படியில் மட்டும் மொத்தப் பாட்டையும் ஒரே ஆளிடம் விடலாமா?

அதற்கு வழி செய்யும் சில குட்டிக் கருவிகளும், சுலபமான மூன்று சிக்கன் சமையலும் இங்கே.

மீன் கைக்குக் கோழி பழக...

மடவை, கிழங்கான், இறால், நண்டு என்று சமைத்துப் பழகிய கைக்குக் கோழி ஒன்றும் பெரிய விஷயமில்லை. மூன்று மாற்றங்களை மட்டும் நினைவில் வைத்தால் போதும்.

மீன், கொதிக்கும் குழம்பில் 10 நிமிடத்தில் வெந்துவிடும். கோழிக்கு நேரம் வேண்டும். மீனுக்குப் புளி. கோழிக்குத் தக்காளி போதும். மீன் குழம்புக்குப் போடும் வீட்டுக் குழம்பு மிளகாய்த்தூளையே கோழிக்கும் போடலாம். கூடவே இஞ்சி, பூண்டு, சோம்பு சேர்த்தால் வாசனை மாறிவிடும். தனியாக மசாலா பாக்கெட் வாங்க வேண்டியதில்லை.

கடையில் கேட்கும்போது ஒரு கணக்கு: உயிரோடு 2 கிலோ இருக்கும் பிராய்லர் கோழியைத் தோலுரித்துச் சுத்தம் செய்தால் கைக்கு வருவது சுமார் 1.3 கிலோதான். ‘உயிர் எடை’ விலையா, ‘கறி எடை’ விலையா என்று கேட்டுவிட்டு வாங்குங்கள். 1 கிலோ கறி வாங்கினால் கழுத்து, முதுகு, இறக்கை என எலும்புள்ள துண்டுகள் 600 கிராம் குழம்புக்கு, சதைப்பற்றான 400 கிராம் வறுவலுக்கு என்று அங்கேயே பிரித்து வாங்கிவிடலாம்.

அப்பாவுக்கு ஒரு கயிறு, பிள்ளைக்கு ஒரு கத்தரி

கயிறு இழுக்கும் சாப்பர்: டப்பாவுக்குள் வெங்காயத்தைப் போட்டு, மூடியில் இருக்கும் கயிற்றை இழுத்தால் உள்ளே பிளேடு சுற்றும். பத்து இழுப்பில் வெங்காயம் பொடியாகிவிடும். கரன்ட் வேண்டாம். சில நூறு ரூபாய்தான். புயல் நாளில் கரன்ட் போனாலும் வேலை நடக்கும். முக்கியமான விஷயம், இதை யார் கையில் கொடுத்தாலும் செய்வார்கள். “ஏங்க, சும்மாதானே உக்காந்திருக்கீங்க, இந்தக் கயித்தை நாலு இழு இழுங்களேன்” என்றால், வலை இழுத்த கை மறுக்காது. கழுவும்போது மட்டும் பிளேடில் கவனம். சின்னப் பிள்ளைகளிடம் பிளேடைத் தர வேண்டாம்.

கிச்சன் கத்தரிக்கோல்: கறித் துண்டைச் சின்னதாக்க, தோலும் கொழுப்பும் நீக்க, மல்லி, புதினா நறுக்க அரிவாள்மனையைவிடச் சுலபம். பெரிய பிள்ளைகளுக்கு இந்த வேலையைக் கொடுக்கலாம். கோழிக்கு ஒன்று, கீரைக்கு ஒன்று எனத் தனித்தனியாக இருக்கட்டும்.

பிரஷர் குக்கர்: ‘இது என்ன புதுக் கருவியா?’ என்று கேட்காதீர்கள். 1679ல் டெனிஸ் பாப்பின் என்ற பிரெஞ்சு விஞ்ஞானி கண்டுபிடித்த கருவிதான் இன்றைக்கு நம் வீட்டு வேலைக்காரன். சாதாரணப் பாத்திரத்தில் தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்கும். குக்கருக்குள் சுமார் 120 டிகிரி வரை போகும். அதனால்தான் கறி சீக்கிரம் வேகிறது. பிராய்லருக்கு 2 விசில், நாட்டுக்கோழிக்கு 5 அல்லது 6 விசில். மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் நிரப்பக் கூடாது. ஒவ்வொரு முறையும் வெயிட் போடும் துவாரத்தில் அடைப்பு இல்லையே என்று பார்ப்பது நல்லது.

1. முருங்கைக்காய் கோழிக் குழம்பு

தேவையானவை: எலும்புள்ள கோழித் துண்டுகள் 600 கிராம், சின்ன வெங்காயம் 20, தக்காளி 3, முருங்கைக்காய் 2, உருளைக்கிழங்கு 2, இஞ்சி பூண்டு விழுது ஒன்றரை டேபிள்ஸ்பூன், வீட்டுக் குழம்பு மிளகாய்த்தூள் 2 டேபிள்ஸ்பூன், மஞ்சள்தூள் அரை டீஸ்பூன், பட்டை 1, கிராம்பு 2, கறிவேப்பிலை, எண்ணெய் 3 டேபிள்ஸ்பூன், உப்பு. அரைக்க: தேங்காய்த்துருவல் கால் மூடி, சோம்பு 1 டீஸ்பூன்.

செய்முறை: சாப்பரில் வெங்காயத்தையும் தக்காளியையும் தனித்தனியாகப் பொடியாக்குங்கள். குக்கரில் எண்ணெய் காய்ந்ததும் பட்டை, கிராம்பு, கறிவேப்பிலை தாளித்து, வெங்காயத்தைப் பொன்னிறமாக வதக்கவும். இஞ்சி பூண்டு விழுது பச்சை வாசனை போனதும் தக்காளி, தூள் வகைகள், உப்பு சேர்த்து எண்ணெய் பிரியும்வரை வதக்கவும். கோழி, உருளைக்கிழங்கைப் போட்டுப் பிரட்டி, 3 டம்ளர் தண்ணீர் ஊற்றி 2 விசில் விடவும். ஆவி அடங்கியதும் திறந்து, முருங்கைக்காய் போட்டு 8 நிமிடம் கொதிக்க விடவும். குக்கரிலேயே முருங்கையையும் வேக வைத்தால் குழைந்து சக்கையாகிவிடும். கடைசியில் அரைத்த தேங்காய் விழுதைச் சேர்த்து, ஒரு கொதி வந்ததும் இறக்கவும்.

முருங்கையும் உருளையும் குழம்பை நீட்டிக்கொடுக்கும். ஆறு பேர் வீட்டுக்கு மதியத்துக்கும் காணும், ராத்திரி தோசைக்கும் காணும்.

2. இரும்புச் சட்டி மிளகு வறுவல்

தேவையானவை: சதைப்பற்றான கோழி 400 கிராம், பெரிய வெங்காயம் 1, இஞ்சி பூண்டு விழுது 2 டீஸ்பூன், மஞ்சள்தூள் கால் டீஸ்பூன், கறிவேப்பிலை ஒரு கைப்பிடி, எண்ணெய் 2 டேபிள்ஸ்பூன், உப்பு. கொரகொரப்பாகப் பொடிக்க: மிளகு 2 டீஸ்பூன், சோம்பு 1 டீஸ்பூன்.

செய்முறை: கத்தரிக்கோலால் கறியைச் சின்னத் துண்டுகளாக்கி, மஞ்சள்தூள், இஞ்சி பூண்டு விழுது, உப்பு பிசறி 20 நிமிடம் வைக்கவும். சட்டியில் எண்ணெய் விட்டு வெங்காயம், கறிவேப்பிலை வதக்கி, கறியைப் போட்டுப் பிரட்டி மூடி வைக்கவும். தண்ணீர் ஊற்ற வேண்டாம். கறியில் ஊறும் தண்ணீரிலேயே 10 நிமிடத்தில் வெந்துவிடும். பிறகு மூடியை எடுத்து ஈரம் வற்றும்வரை கிளறி, பொடித்த மிளகு, சோம்பைத் தூவி 5 நிமிடம் வறுத்து இறக்கவும்.

3. ஒரே குக்கரில் தேங்காய்ப்பால் சிக்கன் சாதம்

மார்க்கெட்டிலிருந்து களைத்து வந்த நாளுக்கு இது. குழம்பு, கூட்டு, பொரியல் எதுவும் வேண்டாம்.

தேவையானவை: கோழி 500 கிராம், சீரக சம்பா அரிசி 2 கப், பெரிய வெங்காயம் 2, தக்காளி 2, பச்சை மிளகாய் 4, இஞ்சி பூண்டு விழுது 1 டேபிள்ஸ்பூன், புதினா, மல்லி தலா ஒரு கைப்பிடி, பட்டை, கிராம்பு, ஏலக்காய் தலா 2, மிளகாய்த்தூள் 1 டீஸ்பூன், தேங்காய்ப்பால் 1 கப், தண்ணீர் ஒன்றே முக்கால் கப், எண்ணெய் 3 டேபிள்ஸ்பூன், உப்பு.

செய்முறை: அரிசியைக் கழுவி 20 நிமிடம் ஊறவைக்கவும். குக்கரில் வாசனைப் பொருட்கள் தாளித்து வெங்காயம், மிளகாய், இஞ்சி பூண்டு, தக்காளி, புதினா, மல்லி என வரிசையாக வதக்கவும். மிளகாய்த்தூள், உப்பு, கோழி சேர்த்து 5 நிமிடம் பிரட்டவும். தேங்காய்ப்பாலும் தண்ணீரும் ஊற்றிக் கொதி வந்ததும் அரிசியை வடித்துப் போட்டு, மூடி, மிதமான தீயில் 1 விசில். பிறகு தீயைக் குறைத்து 5 நிமிடம் வைத்து அணைக்கவும். ஆவி தானாக அடங்கும்வரை திறக்காதீர்கள். கோழியும் தண்ணீர் விடும் என்பதால் வழக்கமான அளவிலிருந்து கால் கப் குறைத்திருக்கிறது.

ஏர் ஃப்ரையர் வாங்கலாமா?

1600களின் தொடக்கத்தில் பழவேற்காட்டுக்கு வந்த டச்சுக்காரர்கள் 1613ல் ஜெல்ட்ரியா கோட்டையைக் கட்டினார்கள். அவர்களின் கல்லறைத் தோட்டம் இன்றும் ஊரில் இருக்கிறது. அதே நாட்டின் பிலிப்ஸ் நிறுவனம்தான் 2010ல் ஏர் ஃப்ரையரை உலகச் சந்தைக்குக் கொண்டுவந்தது. இப்போது செல்போனைத் திறந்தால் எல்லா சமையல் வீடியோவிலும் அதுதான்.

1,500 வாட் ஏர் ஃப்ரையர் 20 நிமிடம் ஓடினால் அரை யூனிட் மின்சாரம். மிளகு வறுவலுக்குப் பிசறிய அதே கறியை ஒரு ஸ்பூன் எண்ணெய் தடவி, 180 டிகிரியில் 15 முதல் 18 நிமிடம், நடுவில் ஒருமுறை திருப்பிவிட்டால் மொறுமொறு சிக்கன் ரெடி. எண்ணெய் மிச்சம்தான். ஆனால், கூடை சின்னது. ஆறு பேர் வீட்டுக்கு இரண்டு, மூன்று தடவை போட வேண்டும். விலை சில ஆயிரம். மூன்று, நான்கு பேர் வீடு, எண்ணெயைக் குறைக்கச் சொன்ன பெரியவர் இருக்கிறார் என்றால் வாங்கலாம். மற்றவர்கள் தோசைக்கல்லில் மூடி போட்டு, இருபுறமும் சிவக்க வேக வைத்தாலே அந்த ருசி வந்துவிடும்.

உப்புக் காற்று ஜாக்கிரதை!

கடலோர வீட்டில் கருவிகளுக்கு எமன் உப்புக் காற்றுதான். 2011ல் தொடங்கிய அரசுத் திட்டத்தில் வந்த மிக்ஸியை இன்னும் ஓட்டும் வீடுகளில் ரகசியம் ஒன்றுதான்: துடைத்து, காயவைத்து, மூடி வைத்திருப்பார்கள். பிளேடுகளைக் கழுவியதும் ஈரம் போகத் துடைக்கவும். கத்தி, கத்தரிக்கோல், இரும்புச் சட்டிக்குத் துளி தேங்காய் எண்ணெய் தடவவும். வாங்கும்போதே துருப்பிடிக்காத எவர்சில்வர் பிளேடாகப் பார்க்கவும்.

ஐஸ் தெரிந்த கைக்குச் சொல்லவா வேண்டும்!

மீனுக்கு எவ்வளவு ஐஸ், எத்தனை மணி நேரம் தாங்கும் என்று பழவேற்காட்டுப் பெண்களுக்கு யாரும் சொல்லித் தர வேண்டாம். கோழிக்கும் அதே கவனம்தான். பச்சைக் கறியை வெளியில் 2 மணி நேரத்துக்கு மேல் வைக்கக் கூடாது. ஐஸ் பெட்டியில் வைத்தால் இறுக மூடிய டப்பாவில், மீனோடு ஒட்டாமல் வைக்கவும். குழாயைத் திறந்துவிட்டுக் கறியைக் கழுவினால் தண்ணீர் தெறித்துப் பக்கத்துப் பாத்திரங்களில் கிருமி பரவும். கழுவியே தீர வேண்டும் என்றால், பாத்திரத் தண்ணீரில் மெதுவாக அலசுங்கள். எலும்போரம் சிவப்பு இல்லாமல், சாறு தெளிவாக வரும்வரை வேக வேண்டும்.

அடுத்த முறை கடலுக்குப் போக வேண்டாம் என்று அறிவிப்பு வந்தால், முதல் நாளே வீட்டில் பாடு பிரித்துவிடுங்கள். வெங்காயம் அப்பாவுக்கு. புதினா, மல்லி பெரிய பிள்ளைக்கு. பூண்டு உரிப்பது சின்னவளுக்கு. பாத்திரம் கழுவுவது அண்ணன் தம்பிக்கு முறை வைத்து. தாளிப்பும் உப்பும் மட்டும் அம்மாவுக்கு இருக்கட்டும். எல்லோரும் உட்கார்ந்து சாப்பிடும்போது, அவரும் முதல் பந்தியிலேயே உட்காரட்டும்.