கட்டைகள் மிதந்தன, பார்க்க ஆளில்லை!

ஓர் ஊழியரை நெடுந்தூரம் அனுப்பி வைக்கும் எந்த நிர்வாகத்துக்கும் இரண்டு கடமைகள் உண்டு. புறப்படும்போது வழிச்செலவு கொடுத்து அனுப்புவது ஒன்று. அவர் அனுப்பும் தகவலை வாங்கிக்கொள்ள இந்த முனையில் ஓர் ஆளை வைத்திருப்பது மற்றொன்று. முதல் கடமை பெரும்பாலும் தவறுவதில்லை. இரண்டாவது கடமைதான் கோப்புகளுக்கு நடுவே காணாமல் போய்விடுகிறது.

இதற்கு நம் நாட்டு வரலாற்றிலேயே ஒரு பெரிய சாட்சி இருக்கிறது. சிக்கிமில் பிறந்த கிந்துப் என்ற எளிய மனிதர்தான் அந்தச் சாட்சி. அவரைப் பற்றித் தெரிந்துகொள்ள, அவருக்கு முன்னால் நடந்தவர்களையும் தெரிந்துகொள்ள வேண்டும்.

மூடிக் கிடந்த எல்லை

இந்தியாவை அளந்து வரைபடம் போடும் மாபெரும் வேலை 1802-ல் நமது சென்னையில்தான் ஆரம்பமாயிற்று. பரங்கிமலைக்கு அருகே லாம்டன் என்ற ராணுவ அதிகாரி முதல் அடிக்கோட்டை அளந்தார். அந்த அளவை ஆண்டுக்கணக்கில் வடக்கே வளர்ந்து இமயமலை அடிவாரம் வரை போயிற்று. அதற்கு அப்பால் திபெத். வெள்ளைக்காரர் எவரும் அங்கே நுழைய முடியாது. பிடிபட்டால் திருப்பி அனுப்புவார்கள், உயிருக்கும் உத்தரவாதமில்லை.

அப்போது நில அளவைத் துறையில் இருந்த மாண்ட்கோமரி என்ற அதிகாரிக்கு ஒரு யோசனை தோன்றியது. எல்லைப்புற இந்தியர்கள் வியாபாரத்துக்கும் யாத்திரைக்கும் தடையில்லாமல் போய் வருகிறார்கள். அவர்களுக்கே அளவைப் பயிற்சி கொடுத்து அனுப்பினால் என்ன?

முதலில் 1863-ல் முகம்மது-இ-ஹமீத் என்பவர் லடாக் வழியாக யார்க்கண்டுக்குப் போனார். திரும்பும் வழியில் இறந்துபோனார். அவர் எழுதி வைத்த குறிப்புகள் மட்டும் வந்து சேர்ந்தன.

அடுத்துப் போனவர் நயின் சிங். குமாவுன் மலையில் மிலம் என்ற கிராமத்துக்காரர், பள்ளிக்கூட ஆசிரியர். 'பண்டிட்' என்ற பெயர் அவருக்கு அப்படித்தான் வந்தது. பின்னால் அந்த வேலைக்குப் போன எல்லோரையுமே உலகம் 'பண்டிட்டுகள்' என்று அழைத்தது.

ஜபமாலையில் ஒளிந்த கணக்கு

டேராடூனில் அவருக்குக் கொடுத்த பயிற்சி வியப்பூட்டுவது. மேடானாலும் பள்ளமானாலும் ஒரே அளவாக அடியெடுத்து வைக்கப் பழக்கினார்கள். ஒரு மைலுக்கு ஏறத்தாழ 2,000 காலடிகள். ஜபமாலையில் வழக்கமாக 108 மணிகள் இருக்கும். இவரது மாலையிலோ 100 மணிகள்தான். நூறு காலடிக்கு ஒரு மணி தள்ளுவார். மாலை ஒரு சுற்று வந்தால் 10,000 காலடி, அதாவது 5 மைல். கையில் சுழற்றும் ஜபச் சக்கரத்துக்குள் மந்திரத்துக்குப் பதில் குறிப்புத்தாள் இருக்கும். சோழிக்குள் பாதரசம். பெட்டியின் கள்ள அறையில் செக்ஸ்டன்ட் கருவி. வெந்நீர் கொதிக்கும் வெப்பத்தைப் பார்த்து ஊரின் உயரத்தைக் கணிக்க, ஊன்றுகோலுக்குள் வெப்பமானி!

1865-ல் புறப்பட்ட நயின் சிங், நேபாளத்தின் வழியாகப் போய் 1866 ஜனவரியில் லாசாவை அடைந்தார். வழியில் கைப்பணம் குறைந்தபோது நேபாள வியாபாரிகளுக்குக் கணக்கு எழுதும் முறையைக் கற்றுக்கொடுத்துப் பிழைத்தார். மொத்தம் சுமார் 1,200 மைல் நடந்து, சுமார் 25 லட்சம் காலடிகளை எண்ணி முடித்துத் திரும்பினார். லாசா பூமியில் எந்த இடத்தில், எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்பதை அவருடைய கணக்கு காட்டியது.

அவருடைய உறவினர் கிஷன் சிங் 1878-ல் புறப்பட்டு 1882-ல்தான் திரும்பினார். கொள்ளைக்காரருக்குப் பயந்து எல்லோரும் குதிரையில்தான் போக வேண்டும் என்று ஒரு கட்டத்தில் உடன் வந்தவர்கள் சொல்லிவிட்டார்கள். காலடி எண்ணும் கணக்கு என்னாவது? அவர் குதிரையின் காலடிகளை எண்ணினார்!

உலகின் மிக உயர்ந்த சிகரத்துக்கு முன்னாள் சர்வேயர் ஜெனரல் எவரெஸ்டின் பெயர் நிலைபெற்றது 1865-ல். நயின் சிங் நடக்கத் தொடங்கியதும் அதே ஆண்டில்தான். முதல் பெயர் பள்ளிப் பிள்ளைகளுக்கும் தெரியும். இரண்டாவது பெயர் படித்தவர்களில் எத்தனை பேருக்குத் தெரியும்?

விற்கப்பட்ட ஊழியர்

இனி கிந்துப்பின் கதைக்கு வருவோம்.

திபெத்தில் சாங்போ என்று ஒரு பெரிய நதி கிழக்கு நோக்கி ஓடுகிறது. மலைக்குள் புகுந்தபின் அது எங்கே போகிறது என்பது அன்று யாருக்கும் நிச்சயமாகத் தெரியாது. அஸ்ஸாமுக்கு வந்து பிரம்மபுத்திராவாகிறது என்றார்கள் சிலர். பர்மாவின் ஐராவதிதான் அது என்றார்கள் வேறு சிலர்.

இதைத் தீர்க்க ஹார்மன் என்ற அதிகாரி ஒரு வழி கண்டார். அடையாளமிட்ட 500 மரக்கட்டைகளைத் திபெத்தில் நதியில் விடுவது, நாளொன்றுக்கு 50 வீதம். அஸ்ஸாமில் ஆட்கள் ஆற்றைக் கவனிப்பார்கள். கட்டை வந்து சேர்ந்தால் இரண்டும் ஒரே நதி!

1880-ல் ஒரு லாமாவைத் தலைவராகவும் கிந்துப்பை உதவியாளராகவும் அனுப்பினார்கள். கிந்துப்புக்கு எழுதப் படிக்கத் தெரியாது. லாமா வழியிலேயே பணத்தை விரயம் செய்தார். கடைசியில் ஓர் ஊர் அதிகாரியிடம் கிந்துப்பை அடிமையாக விற்றுவிட்டு மறைந்துபோனார்.

வேறு யாராக இருந்தாலும் தப்பியதும் வீட்டைப் பார்த்து ஓடியிருப்பார்கள். 1882-ல் தப்பிய கிந்துப், நதியோடு கீழ்நோக்கி நடந்தார். தேடி வந்தவர்கள் மார்புங் என்ற மடத்தில் அவரைப் பிடித்தார்கள். மடத்தின் தலைவர் இரக்கப்பட்டு 50 ரூபாய் கொடுத்து அவரை வாங்கிக்கொண்டார். மறுபடியும் அடிமை வேலைதான். ஆனால் யாத்திரை போக விடுமுறை கேட்டுப் புறப்பட்டவர், 500 கட்டைகளை வெட்டி ஒரு குகையில் ஒளித்து வைத்தார். இன்னொரு விடுமுறையில் லாசாவுக்கே நடந்து போய், தனக்கு நேர்ந்ததையும் கட்டைகளை எந்த நாட்களில் விடப்போகிறேன் என்பதையும் கடிதமாக எழுதச் சொல்லி, சிக்கிம்காரர் ஒருவர் மூலம் டார்ஜிலிங்குக்குக் கொடுத்தனுப்பினார். மீண்டும் மடத்துக்கே திரும்பினார். கடைசியில் மடத்தலைவரே விடுதலை கொடுத்தார். சொன்னபடி பத்து நாளில், நாளுக்கு 50 வீதம், 500 கட்டைகளையும் ஆற்றில் விட்டார்.

உரிய இடம் சேராத கடிதம்

கட்டைகள் மிதந்து போயின. அஸ்ஸாமில் அவற்றைப் பார்க்க ஒருவரும் இல்லை!

கடிதம் உரியவர் கைக்குப் போய்ச் சேரவே இல்லை. ஹார்மன் உடல்நலம் கெட்டு இந்தியாவை விட்டுப் போய் 1883-ல் காலமாகிவிட்டார். நான்கு ஆண்டுகள் கழித்து, 1884-ல், கிந்துப் டார்ஜிலிங்குக்குத் திரும்பியபோது அவருக்காகக் காத்திருந்த அதிகாரி எவரும் இல்லை. அவர் வாய்மொழியாகச் சொன்னதை எழுதிக்கொண்டார்கள். எழுத்துக் குறிப்பு எதுவும் கையில் இல்லாததால் பல நிபுணர்கள் நம்பவில்லை.

1913-ல் பெய்லி, மோர்ஸ்ஹெட் என்ற இரு அதிகாரிகள் அதே நதியோரம் போய்ப் பார்த்தார்கள். கிந்துப் சொன்ன வழியும் ஊர்களும் பெரும்பாலும் அப்படியே இருந்தன. அவர் அறிக்கையில் இருந்த 150 அடி உயர நீர்வீழ்ச்சி மட்டும் பெருநதியில் இல்லை. விசாரித்ததில் அவர் சொன்ன இரண்டு அருவிகளை எழுதியவர்கள் ஒன்றாக்கிவிட்டார்கள் என்று தெரிந்தது. தவறு சொன்னவர்மீது அல்ல, எழுதியவர்மீது! டார்ஜிலிங்கில் தையல் வேலை செய்து பிழைத்துக்கொண்டிருந்த கிந்துப்பைப் பெய்லி தேடிப் பிடித்தார். ஓய்வூதியம் கொடுக்க வேண்டுமென்று அரசிடம் வாதாடினார். கிடைத்தது 1,000 ரூபாய், ஒரே தடவை. விரைவிலேயே கிந்துப் காலமானார்.

நயின் சிங்குக்கு லண்டன் புவியியல் கழகம் 1877-ல் தங்கப் பதக்கம் கொடுத்தது. அரசு நிலமும் கொடுத்தது. ஆக, கௌரவிக்கத் தெரியாத நிர்வாகம் அல்ல அது. கையெழுத்துப் போடத் தெரிந்தவருக்கு ஒரு நீதி, தெரியாதவருக்கு ஒரு நீதி என்று நடந்துகொண்டது. அதுதான் வேதனை.

ஒற்றர்கள்தானே?

இவர்கள் அந்நிய அரசின் ஒற்றர்கள்தானே, இவர்களை ஏன் போற்ற வேண்டும் என்று கேட்பவர்களும் உண்டு. அந்தக் கேள்வியில் நியாயம் இல்லாமல் இல்லை. 1881-82-ல் திபெத்துக்குப் போய்த் தகவல் திரட்டிய சரத் சந்திர தாஸுக்கு இடம் கொடுத்த சென்சென் லாமாவைத் திபெத் அரசு பின்னால் ஆற்றில் மூழ்கடித்துக் கொன்றது. அந்தப் பழி வரைபடம் கேட்டவர்களையும் சேரும். இதை மறைத்துப் பாராட்டினால் அது வரலாறு ஆகாது; மேடைப்பேச்சாகிவிடும். ஆனால் அரசின் நோக்கம் ஒன்று, நடந்தவரின் நேர்மை இன்னொன்று. யாரும் கண்காணிக்காத இடத்தில், அடிமையாக இருந்துகொண்டே ஒருவர் கொடுத்த வாக்கைக் காப்பாற்றினார் என்றால், அந்த வாக்குக்கு நாம் கடன்பட்டவர்கள்.

செய்ய வேண்டியது

2004-ல் அஞ்சல் துறை நயின் சிங்குக்குத் தபால்தலை வெளியிட்டது. நல்ல காரியம். பாடப் புத்தகத்தில் கொலம்பஸுக்கும் வாஸ்கோடகாமாவுக்கும் இடம் இருப்பதுபோல, கிஷன் சிங்குக்கும் கிந்துப்புக்கும் ஒரு பக்கம் ஒதுக்கினால் குறைந்துவிடாது. ஊரை விட்டு வந்து பிற மாநிலத்தில் பிள்ளைகளைப் படிக்க வைக்கும் தமிழ்ப் பெற்றோர் இந்தக் கதையை வீட்டிலேயே சொல்லலாம்.

அதைவிட முக்கியமான பாடம் அலுவலகங்களுக்கு. தண்டவாளத்தை நடந்தே சோதிக்கும் கீமேன், எல்லைப்புறத்தில் சாலை போடும் தொழிலாளி, மலையில் மழையளவு குறிப்பவர், காட்டுக்குள் ரோந்து போகும் காவலர் எல்லோரும் இன்றும் தனியாகத்தான் நடக்கிறார்கள். அவர்களுடைய தகவல் ஒரு மேசைக்கு வருகிறது. அந்த மேசையில் இருப்பவர் மாற்றலாகிப் போகலாம், ஓய்வு பெறலாம், இறந்தும் போகலாம். ஆனால் மேசை காலியாக இருக்கக் கூடாது. அனுப்பியது ஹார்மன் அல்ல, ஒரு துறை. ஹார்மன் போனபின் காத்திருக்க வேண்டியது அந்தத் துறையின் கடமை.

பொறுப்பை ஒப்படைக்கும்போது சாவியையும் பேரேட்டையும் எண்ணி ஒப்படைக்கிறோம். வெளியே போயிருக்கும் ஆட்களின் பெயரையும் சேர்த்து ஒப்படைக்கும் வழக்கம் வரவேண்டும். அது வந்தால், கிந்துப்புக்கு நாடு பட்ட கடனில் ஒரு பகுதியாவது தீரும்.