கோட்டைக்குள் இருந்தவர்களின் கணக்கு

வியூக விளையாட்டுகளுக்குக் கதை எழுதும் நம்மில் பெரும்பாலானோர் இரண்டு கோப்புகளைத் திறந்து வைத்துக்கொண்டு வேலை செய்கிறோம். ஒன்றில் போர் இருக்கிறது: எந்த மேப்பில் எத்தனை யூனிட், ஆற்றை எத்தனையாவது டர்னில் கடக்க முடியும், கோட்டைக் கதவு எத்தனை அடி தாங்கும். மற்றொன்றில் மனிதர்கள் இருக்கிறார்கள்: தளபதியின் ஊரைச் சிறுவயதில் எதிரி எரித்தான், இளவரசிக்கு அரியணை மறுக்கப்பட்டது, சூனியக்காரனுக்குச் சாகாவரம் வேண்டும். முதல் கோப்பை டிசைனர் எழுதுகிறார், இரண்டாவதை நாம் எழுதுகிறோம். இரண்டும் கட்சீனில் சந்தித்துப் பிரிகின்றன. அதன்பின் வரும் போர்களில், தளபதியின் ஊர் எரிந்த செய்தி ஒரே ஒரு நகர்வைக்கூட மாற்றுவதில்லை.

நம் கதைகளின் பெரிய பலவீனம் இந்தப் பிரிவினைதான் என்று நினைக்கிறேன். ஒருவர் ஏன் போரிடுகிறார் என்பதைப் பின்கதை மட்டும் சொல்லிவிட முடியாது. படையை எங்கே நிறுத்துகிறார், எதைக் காவலில்லாமல் விடத் துணிகிறார், எந்த இடத்திலிருந்து பின்வாங்க மறுக்கிறார் என்பவைதான் அதைச் சொல்லும். மாயமும் பறக்கும் நாகங்களும் உள்ள உலகத்துக்கும் இது பொருந்தும். அப்படியொரு உலகத்தைக் கட்டத் தொடங்கும் முன், மதுரையைச் சுற்றி நடந்த சில போர்களைக் கூர்ந்து பார்க்கச் சொல்வேன்.

1755-ல் கிழக்கிந்தியக் கும்பெனியின் கர்னல் ஹெரான், ஆற்காட்டு நவாப் முகமது அலிக்காகக் கப்பம் வசூலிக்க மதுரைக்கும் திருநெல்வேலிக்கும் படையோடு வந்தார். சிப்பாய்களுக்குத் தலைமை தாங்கி உடன் வந்தவர் யூசுப் கான். பிறகு மதுரை மக்கள் கான்சாகிப் என்று அழைத்தவரும், இன்று மருதநாயகம் என்ற பெயரில் நாம் அறிந்தவரும் இவர்தான். கோயில்குடியில் ஹெரானின் படை ஒரு கோயிலுக்குள் புகுந்து சிலைகளை எடுத்தது. திருப்பித் தரப் பணம் கேட்டது, பணம் வரவில்லை. சிலைகள் படையின் சாமான்களோடு சேர்ந்து பயணப்பட்டன. மே மாதம் படை திருச்சிக்குத் திரும்பியபோது நத்தம் கணவாயைக் கடக்க வேண்டியிருந்தது. இருபுறமும் காடும் மலையும் நெருக்கும் பாதை, நீண்டு கிழிந்த அணிவகுப்பு. அந்தப் பகுதியின் கள்ளர் சமூகத்தார் அணியின் முன்பகுதியைப் போகவிட்டுப் பின்னால் வந்த சாமான் வரிசைமேல் பாய்ந்தார்கள். ‘சாமி, சாமி’ என்று கூவிக்கொண்டு வந்தார்கள் என வரலாற்றாசிரியர் ராபர்ட் ஓர்ம் பதிவு செய்திருக்கிறார். தங்கள் தெய்வங்களை மீட்டுக்கொண்டு போனார்கள். ஹெரான் பிறகு ராணுவ நீதிமன்றத்தின் முன் நிறுத்தப்பட்டார்.

இந்தக் கணவாயை ஒரு லெவலாகச் செய்யச் சொன்னால் நம்மில் பலர் எழுதும் வெற்றி நிபந்தனை என்னவாக இருக்கும்? ‘எதிரித் தளபதியை வீழ்த்து’ அல்லது ‘எல்லா யூனிட்களையும் அழி’. கள்ளர்களுக்கு ஹெரானின் தலை வேண்டாம், அவருடைய பீரங்கியும் வேண்டாம். அவர்கள் தேடியது சாமான் வரிசையில் இருந்த சாமியை. நோக்கம் மாறியதும் வெற்றி நிபந்தனை மாறுகிறது, அதோடு மேப்பின் மையமும் அணியின் தலையிலிருந்து வாலுக்கு நகர்கிறது. ஹெரானின் பக்கம் ஆடுகிறவர் அந்தச் சிலைகளை வெறும் கொள்ளைப் பொருளாக நினைத்தால் முன்னணியைப் பலப்படுத்துவார், பின்பகுதியை இழப்பார். எதிரி எதற்காகச் சாகத் தயாராக இருந்தான் என்பது அந்த இழப்பிலேயே அவருக்குப் புரியும். அதை விளக்க ஒரு வரி வசனம் தேவையில்லை.

இதே யூசுப் கானை எட்டு ஆண்டு கழித்துப் பார்க்கலாம். இடையில் அவர் பெரிய ஆளாகிவிட்டார். 1758 டிசம்பரில் லாலியின் தலைமையில் பிரெஞ்சுப் படை சென்னையை முற்றுகையிட்டபோது அவர் கோட்டைக்கு வெளியே சுற்றித் திரிந்து பிரெஞ்சுக்காரர்களின் உணவு வழிகளை அறுத்தார். 1759 பிப்ரவரியில் லாலி முற்றுகையைக் கைவிட்டுப் போனதில் அந்த வேலைக்கும் பங்கு உண்டு. தெற்கே பாளையக்காரர்களை அடக்கினார், 1761-ல் பூலித்தேவரின் நெற்கட்டும்செவலைப் பிடித்தார். மதுரை, திருநெல்வேலிச் சீமைகளைக் குத்தகைக்கு எடுத்து நிர்வகித்தார். 1763-ல் பாரிஸில் கையெழுத்தான உடன்படிக்கை முகமது அலியை நவாபாக ஏற்றுக்கொண்டது. கும்பெனி நவாபின் பக்கம் நின்றது. நவாபுக்குக் கீழ்ப்பட யூசுப் கான் மறுத்து மதுரைக் கோட்டைக்குள் நின்றார்.

அவர் மதுரையில் நடத்திய போர் முழுவதும் சென்னையில் கற்ற பாடம்தான். முற்றுகையிடுகிறவனின் பசியும் பருவமும் கோட்டைச் சுவரைவிட நல்ல காவல் என்பதை அவர் அங்கே கண்ணால் கண்டவர். 1763-ல் கர்னல் மான்சன் தலைமையில் கும்பெனிப் படை மதுரையைச் சூழ்ந்தது. நவம்பரில் வடகிழக்குப் பருவமழை வலுத்தது, படை விலகிப் போனது. பாத்திரத்தின் கடந்த காலத்தை இப்படித்தான் பயன்படுத்த வேண்டும் என்று நினைக்கிறேன். பழைய சோகமாக அது ஒரு மூலையில் கிடந்து பயனில்லை. போரிடும் பழக்கமாக, ஆட்டக்காரர் ஊகித்துக் கண்டுபிடிக்கக்கூடிய கைரேகையாக அது மேப்பில் தெரிய வேண்டும். ‘இந்த ஆள் ஒருமுறை மழைக்காகக் காத்திருந்து வென்றவர், மறுபடியும் காத்திருப்பார்’ என்று எதிரித் தளபதி கணக்குப் போட வேண்டும்.

மேஜர் சார்லஸ் காம்ப்பெல் அப்படித்தான் கணக்குப் போட்டிருக்க வேண்டும். 1764-ல் அவர் தலைமையில் முற்றுகை மறுபடி தொடங்கியது. ஜூன் 26-ல் சுவரைத் தாக்கி உள்ளே புக முயன்றார்கள், முறியடிக்கப்பட்டார்கள். அந்தத் தாக்குதலில் காயமுற்ற கும்பெனி அதிகாரி பிரஸ்டன் பிறகு இறந்தார். அதன்பின் காம்ப்பெல் சுவரை விட்டுவிட்டு வழிகளை அடைத்தார். கோட்டைக்குள் தானியம் குறைந்தது. ஒரு பக்கம் பசியின் நாட்கள், மறுபக்கம் மழை வர இருந்த நாட்கள். முற்றுகை லெவலில் டர்ன் எண்ணிக்கை என்பது இந்த இரண்டு ஓட்டங்களின் பந்தயம். நாம் அதைத் திரையின் மூலையில் ஒரு எண்ணாக மட்டும் காட்டிவிடுகிறோம்.

அக்டோபர் 13-ல், மழை வலுக்கும் முன், யூசுப் கானைப் பிடித்தவர்கள் அவருடைய ஆட்களே. திவான் சீனிவாச ராவ், மருத்துவர் பாபா சாகிப், பிரெஞ்சு அதிகாரி மார்ஷான் ஆகியோர் சேர்ந்து தொழுகை நேரத்தில் அவரைக் கட்டி எதிரியிடம் ஒப்படைத்தார்கள். அக்டோபர் 15-ல் அவர் தூக்கிலிடப்பட்டார். சம்மட்டிபுரத்தில் அவருடைய கல்லறை இருக்கிறது. அவரைப் பற்றிய கான்சாகிபு சண்டை என்ற கதைப்பாடலும் நம்மிடம் உண்டு.

பீரங்கியால் உடையாத கோட்டை உள்ளிருந்து திறந்தது. இதை எழுதும்போது நம் கை தானாகப் போய் நிற்கும் சொல் ‘துரோகி’. அந்தச் சொல்லோடு நின்றுவிட்டால் கதை அங்கேயே செத்துவிடும். மார்ஷானை எடுத்துக்கொள்ளுங்கள். அவருடைய புதுச்சேரி 1761-லேயே வீழ்ந்துவிட்டது. பாரிஸ் உடன்படிக்கையோடு அவருடைய நாட்டுக்கும் இங்கிலாந்துக்கும் இருந்த போர் முடிந்துவிட்டது. யாருக்காக அவர் மதுரைச் சுவரில் நிற்கிறார்? ஒவ்வொரு நாளும் அந்தக் கேள்வி அவருக்குக் கனத்திருக்கும். திவானின் கேள்வி வேறு. கணக்கு எழுதுகிறவருக்குத்தான் களஞ்சியத்தில் எவ்வளவு மிச்சம் என்பது எல்லோருக்கும் முன்னால் தெரியும், தலைவரின் பேச்சுக்கும் அந்த எண்ணுக்கும் உள்ள தூரமும் அவருக்குத்தான் தெரியும். மருத்துவர் பார்த்தது இன்னொன்று, படுத்துக்கிடந்த உடல்களை. ஒரே முற்றுகையை மூன்று பேரும் மூன்று விதமாக எண்ணினார்கள்.

நம் விளையாட்டுகளில் இந்த மூவருக்கும் ‘லாயல்டி’ என்று ஒரு எண் கொடுத்துவிடுகிறோம். பரிசு கொடுத்தால் ஏறும், தோற்றால் இறங்கும், குறிப்பிட்ட அளவுக்குக் கீழே போனால் கட்சி மாறுவார். எண் வேண்டாம் என்று சொல்ல மாட்டேன், அதை டிசைனர் கேட்பார். ஆனால் எல்லோருக்கும் ஒரே எண்ணாக இருக்க வேண்டியதில்லை. திவானின் விசுவாசம் களஞ்சியத்தோடு கட்டப்படட்டும், வெளிநாட்டு அதிகாரியின் விசுவாசம் தூரத்து ஒப்பந்தச் செய்தியோடு, மருத்துவருடையது காயம்பட்டவர்களின் எண்ணிக்கையோடு. அப்போது தலைவர் பாதி ரேஷன் கொடுக்கச் சொல்லும் உத்தரவு ஒன்றே மூன்று மனிதர்களை மூன்று திசையில் நகர்த்தும். ஆட்டக்காரர் கொடுத்த உத்தரவே பாத்திரங்களின் மனதை எழுதும்.

மதுரைக் கோட்டையின் அமைப்பே இந்தச் சிந்தனைக்கு இடம் கொடுக்கிறது. விசுவநாத நாயக்கர் காலத்தில் எழுந்த கோட்டைக்கு 72 கொத்தளங்கள், அவற்றைக் காக்க 72 பாளையக்காரர்கள் என்பது மரபு. சுவர் எத்தனை உறவுகளால் ஆனது என்பதை அந்த மரபு சொல்கிறது. ஒரு பாளையம் மனம் மாறினால் ஒரு கொத்தளம் காலியாகும். யூசுப் கானின் காலத்தில் அந்த உறவு கலைந்துவிட்டது. பலரை அவரே போரிட்டு அடக்கியிருந்தார். பின்னாளில் கலெக்டர் பிளாக்பர்ன் காலத்தில் சுவர்கள் இடிக்கப்பட்டு அகழி தூர்க்கப்பட்டது. இன்றைய நான்கு வெளி வீதிகளும் அந்தச் சுவரின் தடம். முற்றுகை மேப் வரைகிறவர்கள் அந்த வீதிகளை ஒருமுறை நடந்து சுற்றி வாருங்கள். அந்த நீளச் சுவருக்கு எத்தனை காவலர் வேண்டும், அவர்களுக்கு ஒருவேளைச் சோற்றுக்கு எவ்வளவு அரிசி வேண்டும் என்ற கணக்கு காலிலேயே புரியும்.

போரையும் மனதையும் பிரிக்காமல் பார்க்கும் கருவி நம்மிடம் வெகுநாளாக இருக்கிறது. தொல்காப்பியத்தின் புறத்திணையியல் ஒவ்வொரு போர்த்திணையையும் ஓர் அகத்திணையோடு இணைக்கிறது. ஆநிரை கவரும் வெட்சிக்குக் குறிஞ்சி, மண்ணாசையால் படையெடுக்கும் வஞ்சிக்கு முல்லை, மதில் வளைக்கும் உழிஞைக்கு மருதம். மருதத்தின் உரிப்பொருள் ஊடல். ஒருவர் வெளியே நின்று உள்ளே வரக் கேட்கிறார், உள்ளே இருப்பவர் வாயிலை அடைத்துக்கொண்டு மறுக்கிறார். முற்றுகைக்கும் ஊடலுக்கும் அடிப்படை அமைப்பு ஒன்று என்று நான் இதைப் புரிந்துகொள்கிறேன். நேற்றுவரை கும்பெனியின் மனிதராக இருந்த யூசுப் கான் அந்தக் கும்பெனிக்கு எதிராகவே கதவை அடைத்ததை வைத்துப் பார்த்தால் இந்த இணைப்பின் கூர்மை விளங்கும். அந்நியன் அடைத்த கதவு வேறு, நம்மவர் அடைத்த கதவு வேறு. ஒவ்வொரு போரை எழுதும் முன்னும் ‘இதன் அகம் எது’ என்று கேட்டுக்கொள்வது நல்ல பயிற்சி. இரவோடு இரவாக மாடு பிடிக்கும் ரெய்டுக்கும் ஆறு மாத முற்றுகைக்கும் ஒரே மாதிரி வீர வசனம் எழுத அது விடாது.

சூளுரையைப் பற்றியும் ஒரு சொல். தலையாலங்கானத்துச் செருவென்ற பாண்டியன் நெடுஞ்செழியன் மிக இளையவன். சேரன், சோழன், ஐந்து வேளிர் என ஏழு பேர் அவனுக்கு எதிராகத் திரண்டார்கள். அவன் பெயரில் புறநானூற்றில் இருக்கும் 72-ஆம் பாட்டில் அவன் எதிரிகளை என்ன செய்வேன் என்பதோடு நிற்கவில்லை. வெல்லாவிட்டால் தனக்கு என்ன நேர வேண்டும் என்று சொல்கிறான்: குடிகள் தன்னைக் கொடியவன் என்று தூற்றட்டும், மாங்குடி மருதன் தலைமையிலான புலவர்கள் தன் நாட்டைப் பாடாமல் போகட்டும், இரப்பவருக்குக் கொடுக்க முடியாத வறுமை தன்னைச் சேரட்டும். அவனைச் சிறுவன் என்று எதிரிகள் இகழ்ந்தது அவனுடைய கோபத்துக்குக் காரணம். அதே இகழ்ச்சிதான் அவர்களுடைய வியூகப் பிழையும். ஒரே செய்தி பாத்திரத்தையும் போரையும் சேர்த்து நகர்த்துகிறது. நம் நாயகர்கள் ‘பழிவாங்குவேன்’ என்கிறார்கள். தோற்றால் எதை இழப்பார்கள் என்று சொல்வதில்லை. பணயம் வைக்கப்பட்ட புலவரே பின்னாளில் மதுரைக்காஞ்சியில் அந்த அரசனுக்கு நிலையாமையைச் சொன்னார் என்பது, ஒரு தொடர் கதையின் இரண்டாம் பாகத்துக்கு எவ்வளவு நல்ல விதை!

உலக விளையாட்டுகளில் இதைச் சரியாகப் பிடித்தவற்றில் 1995-ல் மட்சுனோ யசுமியின் இயக்கத்தில் வந்த டாக்டிக்ஸ் ஓகர் முக்கியமானது. சொந்த இனத்து மக்களையே கொன்று பழியை எதிரிமேல் போட்டு மற்றவர்களைக் கிளர்ந்தெழச் செய்ய வேண்டும் என்று அதில் ஓர் உத்தரவு வருகிறது. அது கொடூரம், கூடவே படை திரட்டும் வியூகமும். ஆட்டக்காரர் ஏற்கலாம், மறுக்கலாம். அந்த ஒரு முடிவில் அவருடைய நாயகன் யார் என்பது தீர்மானமாகிறது, போரின் பாதையும் பிரிகிறது. 2019-ல் வந்த ஃபயர் எம்ப்ளம் த்ரீ ஹவுசஸ் எனக்குப் பிடித்த விளையாட்டு. ஒரே போரை எந்தப் பக்கம் நிற்கிறோம் என்பதைப் பொறுத்து வேறு வேறு நியாயத்தோடு காட்டும் துணிவு அதற்கு உண்டு. ஆனால் கதையின் நடுவே ஐந்து ஆண்டுப் போர் தாண்டிச் செல்லப்படுகிறது. அந்த ஐந்து ஆண்டும் படைக்கு யார் சோறு போட்டார்கள், எந்தப் பிரபு எதைக் கேட்டார் என்பது நமக்கு ஆட்டமாகக் கிடைப்பதில்லை. மனிதர்கள் மாறியது அந்த ஆண்டுகளில்தான்.

இன்னொன்றும் நம் எழுத்தில் அடிக்கடி விடுபடுகிறது, கூட்டாளிகளின் கதை. யூசுப் கானுக்கு எதிராக நவாபோடும் கும்பெனியோடும் நின்றவர்களில் புதுக்கோட்டைத் தொண்டைமானும் சிவகங்கைச் சீமையும் உண்டு. ஒவ்வொருவருக்கும் சொந்தக் காரணம் இருந்தது, எல்லைத் தகராறும் பழைய காயமும் இருந்தன. நம் கதைகளில் கோட்டை விழுந்ததும் திரை இருண்டு பெயர்ப் பட்டியல் ஓடும், கூட்டாளிகள் வீட்டுக்குப் போய்விடுவார்கள். 1772-ல் அதே நவாபும் அதே கும்பெனியும் சிவகங்கைமேல் படையெடுத்தார்கள். காளையார்கோவிலில் சிவகங்கை மன்னர் முத்துவடுகநாதர் கொல்லப்பட்டார். அவருடைய மனைவி வேலு நாச்சியார் சீமையை விட்டு வெளியேறி ஹைதர் அலியின் ஆதரவைத் தேட வேண்டியிருந்தது. மதுரை முற்றுகையை விளையாட்டாக எழுத நினைப்பவர்கள் யூசுப் கானின் அரண்மனையில் தொடங்காமல், சுவருக்கு வெளியே சிவகங்கைக்காரர்களின் முகாமில் ஒரு சிப்பாயிடமிருந்து தொடங்கிப் பார்க்கலாம். ஆட்டக்காரர் முழு மனதோடு அந்தக் கோட்டையை வீழ்த்த உதவட்டும், அதற்கான கூலியையும் வாங்கிக்கொள்ளட்டும். இரண்டாம் பாகத்தைக் காளையார்கோவிலில், அதே சிப்பாயை வைத்து, அதே பீரங்கிகளுக்கு எதிரே தொடங்குங்கள்.