ஒற்றிக்குக் குடியிருப்போர்

கப்பலில் உல்லாசப் பயணம் போய் வருவோரை நாம் அறிவோம். கப்பலையே வீடாகக் கொண்டு குடியிருப்போரும் இவ்வுலகில் இருக்கிறார்கள். 2002-ஆம் ஆண்டு முதல் கடலில் உலவிவரும் ‘தி வேர்ல்ட்’ என்னும் கப்பலில் 165 குடியிருப்புகள் உள்ளன. அவற்றை விலைக்கு வாங்கியவர்களே கப்பலுக்கும் உரிமையாளர்கள். எந்தெந்தக் கடலுக்குப் போவது, எந்தெந்தத் துறையில் தங்குவது என்பதையும் அவர்களே கூடித் தீர்மானிக்கிறார்கள். அதைப் பின்பற்றி வேறு சில கப்பல்களும் வந்துள்ளன. கடலில் சில ஆண்டுகள் வாழ விரும்பும் ஓய்வுபெற்ற முதியோர் பலர் அவற்றை நாடுகிறார்கள். ஊரில் இருக்கும் வீட்டை விற்றுவிட்டோ வாடகைக்கு விட்டுவிட்டோ, இரண்டு பெட்டிகளுடன் ஏறிவிடுகிறார்கள்.

அவர்களுடைய வாழ்க்கையில் ஒரு முக்கியமான அங்கம் கரை உலா. விடியற்காலையில் கப்பல் துறைமுகத்தை அடையும். குடியேற்ற அதிகாரிகளின் சோதனை முடிந்ததும் பேருந்துகள் காத்திருக்கும். மாலையில் கப்பல் புறப்படுவதற்கு அரைமணியோ ஒரு மணியோ முன்னதாக அனைவரும் திரும்பிவிட வேண்டும். கப்பல் நிறுவனமே ஏற்பாடு செய்த உலாவில் சென்றவர்கள் தாமதித்தால் கப்பல் பெரும்பாலும் காத்திருக்கும். தாமாகப் போனவர்கள் தாமதித்தால் காத்திராது. அடுத்த துறைமுகத்துக்குத் தம் செலவில் போய்ச் சேர்ந்துகொள்ள வேண்டியதுதான்.

நம் சென்னைத் துறைமுகத்துக்கும் வெளிநாட்டுப் பயணக் கப்பல்கள் வருவதுண்டு. 2022 ஜூன் மாதத்தில் சென்னையிலிருந்தே ‘எம்ப்ரஸ்’ என்ற உல்லாசக் கப்பல் புறப்பட்டது. அடுத்த ஆண்டு அதே மாதத்தில் இலங்கைக்கும் அங்கிருந்து பயணம் தொடங்கியது. வந்திறங்கும் வெளிநாட்டினரைப் பெரும்பாலும் மயிலைக் கபாலீசுவரர் கோயிலுக்கும், அறுபது கிலோமீட்டர் தெற்கே மாமல்லபுரத்துக்கும், இன்னும் சற்றுத் தொலைவிலுள்ள காஞ்சிபுரத்துக்கும் அழைத்துப் போகிறார்கள். அவை யாவும் காணத்தக்கவையே. ஆனால் துறைமுக வாயிலுக்கு வெளியே வந்த பேருந்து தெற்கே திரும்புகிறதே தவிர, வடக்கே திரும்புவதில்லை.

வடக்கே என்ன இருக்கிறது? கண்டெய்னர் லாரிகளின் நீண்ட வரிசை இருக்கிறது. காசிமேட்டு மீன்பிடித் துறைமுகமும், எண்ணூரில் அனல் மின் நிலையங்களின் புகைபோக்கிகளும் இருக்கின்றன. 1856-இல் தென்னிந்தியாவின் முதல் ரயில் புறப்பட்ட ராயபுரம் நிலையம் இன்றும் நிற்கிறது. இவற்றுக்கு நடுவே, துறைமுகத்திலிருந்து பத்துக் கிலோமீட்டருக்குள்ளாக, மூவர் பாடிய திருவொற்றியூர் இருக்கிறது. புற்றிடங்கொண்ட ஆதிபுரீசுவரரும், தியாகராஜப் பெருமானும், வடிவுடையம்மனும் அங்கே அருள்பாலிக்கிறார்கள். ஏழுகிணற்றிலிருந்து நடந்தே வந்து வள்ளலார் பெருமான் வழிபட்ட சந்நிதி அது. திருவையாற்றுத் தியாகராஜ சுவாமிகள் அம்பாள் மீது ஐந்து கீர்த்தனைகள் பாடிய தலமும் அதுவே.

அப்படியே யாரேனும் ஒரு வழிகாட்டி மனமிரங்கிப் பேருந்தை வடக்கே திருப்பினாலும் இன்னொரு சிக்கல் உண்டு. சோதனைகள் முடிந்து, லாரி வரிசையைக் கடந்து, சந்நிதித் தெருவுக்குள் நுழைவதற்குள் உச்சிக்காலம் முடிந்து நடை சாத்தியிருக்கும். மீண்டும் நடை திறக்கும் மாலைப் பொழுதில் அவர்கள் கப்பலுக்குத் திரும்பியாக வேண்டும். கப்பலின் கால அட்டவணையும் ஆலயத்தின் கால அட்டவணையும் ஒன்றோடொன்று ஒத்துப்போவதில்லை. பார்த்துவிட்டுப் போக வருகிறவர்களுக்கும் தரிசனத்துக்காகக் காத்திருப்பவர்களுக்கும் உள்ள வேறுபாடு அந்த நான்கு மணி நேரத்தில் அடங்கியிருக்கிறது. இவ்வூர்ப் பெருமானோ ஆண்டு முழுவதும் கவசத்துக்குள் மறைந்திருந்து, கார்த்திகைப் பௌர்ணமியை ஒட்டிய மூன்று நாட்கள் மட்டுமே புனுகு, சாம்பிராணித் தைலக் காப்புடன் திருமேனி காட்டுபவர். அவரைக் காண ஒரு வருஷம் கரையில் இருந்தாக வேண்டும்.

வங்கியில் காலமெல்லாம் கடன் பத்திரங்களோடு வாழ்ந்த அடியேனுக்கு, ஒற்றியூர் என்ற பெயரே ஒரு பாடமாகத் தோன்றும். பிரளய வெள்ளத்தைப் பெருமான் ஒற்றிப் போகச் செய்ததால் இப்பெயர் வந்தது என்பது தலபுராணம். ‘ஒற்றி’ என்ற சொல்லுக்கு அடமானம் என்னும் பொருளும் உண்டு. இன்றும் ‘ஒத்திக்கு வீடு’ என்று சொல்கிறோமே, அதே சொல்தான். ஒரு தொகையைக் கொடுத்துவிட்டு, குறித்த காலம் வரை வாடகையின்றி வசிக்கலாம். காலம் முடிந்ததும் பணம் திரும்பி வரும்; வீட்டைக் காலி செய்ய வேண்டும். அனுபவிக்கும் உரிமை நமக்கு, உடைமை வேறொருவருக்கு. கப்பலில் குடியிருப்பதும் ஒற்றிதான்; கப்பல் ஓடும் காலம் வரையில்தான் அந்த வீடு. இவ்வுடம்பில் நாம் குடியிருப்பதும் அப்படியே.

கடலையும் கப்பலையும் நன்கு அறிந்த ஒருவர், இதை உணர்ந்து இவ்வூர்க் கடற்கரையிலேயே முக்தி அடைந்தார். காவிரிப்பூம்பட்டினத்தில் பெருவணிகராக இருந்த பட்டினத்தடிகளே அவர். கடல் வாணிகம் சென்று திரும்பிய வளர்ப்பு மகன் மருதவாணர், ஒரு பெட்டியில் காதற்ற ஊசியையும் ஓர் ஓலை நறுக்கையும் வைத்துவிட்டு மறைந்த வரலாறு நாம் அறிந்ததே. அன்றே துறந்தவர், ஊர் ஊராக அலைந்து, பேய்க்கரும்பு எங்கே இனிக்கிறதோ அங்கே தம் பயணம் முடியும் என்று அறிந்து, ஒற்றியூரில் அது இனித்தபோது நின்றுவிட்டார். எத்தனை துறைகளுக்குக் கப்பல் அனுப்பியவர்! அவருடைய சமாதிக் கோயில் கடலைப் பார்த்தபடி அங்கே இருக்கிறது. ஆடி உத்திராடத்தில் குருபூஜை.

அதே ஊரில், நிற்க முடியாமல் புறப்பட்ட ஒருவருடைய வரலாறும் உண்டு. திருவாரூரில் பரவையாரை மணந்திருந்த சுந்தரமூர்த்தி நாயனார், ஒற்றியூருக்கு வந்து சங்கிலியாரைக் கண்டு காதல் கொண்டார். ‘உன்னைப் பிரிய மாட்டேன்’ என்று மகிழ மரத்தடியில் சத்தியம் செய்து கொடுத்து மணந்தார். வசந்த காலம் வந்தது. ஆரூர்த் திருவிழாவும் ஆரூர்ப் பெருமானும் நினைவுக்கு வந்தனர். மனம் தாளாமல் ஒற்றியூர் எல்லையைக் கடந்தார். அக்கணமே இரு கண்களும் ஒளி இழந்தன. திருவெண்பாக்கத்தில் ஓர் ஊன்றுகோல் கிடைத்தது. காஞ்சியில் ஒரு கண் கிடைத்தது. ஆரூரில் மற்றொரு கண்ணும் கிடைத்தது. மாசிப் பெருவிழாவில் மகிழடி சேவையைத் தரிசிக்கும்போதெல்லாம், இரண்டு ஊர்களிலும் மனத்தை வைத்த ஒருவருடைய தவிப்பை நாம் நினைத்துக்கொள்கிறோம்.

இதை இப்போது எழுதக் காரணம் உண்டு. சில மாதங்களுக்கு முன் ஒற்றியூரில் வசிக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர், தம் மனைவியுடன் அடியேனைக் காண வந்தார். எழுபத்திரண்டு வயது. மகன் அமெரிக்காவில், மகள் சிங்கப்பூரில்.

“வங்கியில் இருந்தவர் நீங்கள். வீட்டை விற்றுப் பணத்தை வைப்பு நிதியில் போட்டுவிட்டு, ஆறு மாதம் மகன் வீடு, ஆறு மாதம் மகள் வீடு என்று இருந்துவிடலாமா, சொல்லுங்கள் சார்” என்றார். “இரவில் எனக்கு மார்பு வலி வந்தால் இவள் ஒருத்தி என்ன செய்வாள்?” என்றும் கேட்டார்.

அந்த அம்மையார் நெடுநேரம் பேசவில்லை. பிறகு, “வெள்ளிக்கிழமை அம்பாளை எங்கே போய்ப் பார்ப்பது, அதையும் கேளுங்கள்” என்றார்.

இருவர் கேட்டதும் நியாயமே. கப்பலில் ஏறாமலே நம் குடும்பங்களில் எத்தனையோ முதியோர் இன்று கப்பல்வாசிகளாகத்தான் இருக்கிறார்கள். ஒரு பிள்ளையின் வீட்டில் விசா முடிந்தால் அடுத்த பிள்ளையின் வீடு. எந்த ஊரிலும் இரண்டு பெட்டிகளுக்கு மேல் இல்லை. நவம்பர் மாதத்தில் ஓய்வூதியத்துக்கு உயிர்வாழ் சான்று கொடுக்க ராயபுரம் கிளைக்கு வரும் பெரியவர்கள், படிவத்தில் ‘நிரந்தர முகவரி’ என்ற இடத்தில் பேனாவை நிறுத்திவிட்டு அடியேனைப் பார்த்த காட்சிகள் இன்னும் மறக்கவில்லை.

அவருக்குச் சொன்னவற்றை வாசகர்களுக்கும் சொல்வது பயன்படும்.

முதலாவது, போய்ப் பாராமல் விற்க வேண்டாம். கடலில் மூன்றாண்டு வாழலாம் என்று அறிவிக்கப்பட்ட ஒரு பயணம், 2023 நவம்பரில் கப்பலே கிடைக்காமல் ரத்தாயிற்று. அதை நம்பி வீட்டை விட்டவர்கள் கரையில் நின்றார்கள். 2024-இல் இன்னொரு குடியிருப்புக் கப்பல் பழுது நீங்காமல் பெல்பாஸ்ட் துறையில் மாதக்கணக்கில் நின்றது. பிள்ளைகள் அப்படிக் கைவிடுவார்கள் என்று சொல்லவில்லை. ஆனால் அவர்களுக்கும் வேலை மாறும், ஊர் மாறும். ஒரு முழு ஆண்டு, குளிர்காலம் உட்பட, அங்கே இருந்து பார்த்த பிறகே வீட்டைப் பற்றி முடிவு செய்ய வேண்டும். திரும்பி வர ஒரு கதவு இருக்க வேண்டும்.

இரண்டாவது, பணத் தேவைக்காக மட்டும் விற்பதாக இருந்தால், வேறு வழியும் உண்டு. அறுபது வயது கடந்தவர்களுக்காக 2007-இல் அறிவிக்கப்பட்ட ‘ரிவர்ஸ் மார்ட்கேஜ்’ திட்டத்தில், வீட்டை ஈடாகக் கொண்டு வங்கி நமக்குத் தவணை முறையில் பணம் தரும். வாழும் காலத்தில் திருப்பிச் செலுத்த வேண்டியதில்லை. காலத்துக்குப் பின் வாரிசுகள் கடனை அடைத்து வீட்டை மீட்கலாம். தலைகீழான ஒற்றி என்று சொல்லலாம். ஆனால் ஒரு நிபந்தனை: அந்த வீடே நமது நிரந்தர இருப்பிடமாக இருக்க வேண்டும். நெடுங்காலம் அங்கே வசிக்காமல் இருந்தால் கடன் திரும்பக் கேட்கப்படும். பணத்தையும் வாங்கிக்கொண்டு, ஊரையும் விட்டுப் போக முடியாது. மகிழடியில் கொடுத்த வாக்குக்கு ஒப்பானது அது.

மூன்றாவது, பிள்ளைகளுக்கு வீட்டை எழுதிக் கொடுப்பதானால், தம்மைப் பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையை ஆவணத்திலேயே எழுதுங்கள். பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம், 2007, அந்த நிபந்தனை மீறப்பட்டால் ஆவணத்தைச் செல்லாததாக்கக் கோரும் உரிமையை அளிக்கிறது. பவர் பத்திரம் கொடுத்தாலும், எதற்காக, எந்த அளவுக்கு என்று வரையறுத்துக் கொடுங்கள். அன்பு இருக்கும் இடத்தில் எழுத்து எதற்கு என்று கேட்பார்கள். அன்பு கெடாமல் இருப்பதற்காகத்தான் எழுத்து.

இவ்வளவும் சொன்ன பிறகும் அவருடைய மார்பு வலிக்கு விடை கிடைக்கவில்லை. இரவில் துணையில்லாத முதியோர் பிள்ளைகளிடம் போவதே சரி என்னும் நிலை பலருக்கு வரத்தான் செய்யும். அப்படிப் போவது பாவமோ பக்திக் குறைவோ அன்று. சுந்தரரைப் பெருமான் கைவிடவில்லை என்பதை மறக்கலாகாது. ஊரை விட்டுப் போனவருக்கு வழியில் கோல் கொடுத்தவரும், போகப் போகக் கண் கொடுத்தவரும் அதே இறைவர்தான்.

தெய்வங்களே இடம் பெயர்ந்ததையும் இப்பகுதி கண்டிருக்கிறது. முன்பு கோட்டைப் பகுதியில் இருந்ததாகச் சொல்லப்படும் காளிகாம்பாள், தம்புச் செட்டித் தெருவில் இன்று அருள்கிறாள். சுந்தரர் கோல் பெற்ற வெண்பாக்கத்துப் பழைய கோயில் பூண்டி நீர்த்தேக்கத்தில் மூழ்கியபோது, பெருமான் கரைக்கு வந்து வேறு கோயில் கொண்டார். முகவரி மாறியதே அன்றி மூர்த்தி மாறவில்லை.

போகிறவர்களுக்கு அடியேனுடைய விண்ணப்பம் ஒன்றுதான். போவதற்கு முன் நம் ஊரை ஒருமுறை பயணியாக அன்றிப் பக்தராகக் காணுங்கள். பௌர்ணமி வெள்ளிக்கிழமையில், காலையில் மீஞ்சூரை அடுத்த மேலூரில் திருவுடையம்மன், உச்சிப் பொழுதில் ஒற்றியூர் வடிவுடையம்மன், மாலையில் வடதிருமுல்லைவாயில் கொடியிடையம்மன் என்று இச்சா, ஞான, கிரியா சக்திகளை ஒரே நாளில் தரிசிப்பது நம் முன்னோர் வகுத்த உலா. முழங்கால் வலி உள்ளவர்கள் மூன்றையும் ஒரே நாளில் முடிக்க வேண்டும் என்று வருத்திக்கொள்ள வேண்டாம். ஒரு பௌர்ணமிக்கு ஒன்று போதும். ஒற்றியூருக்கு மெட்ரோ ரயில் வந்துவிட்டது. ‘திருவொற்றியூர் தேரடி’ என்றே ஒரு நிலையம் இருக்கிறது. லாரி வரிசையில் சிக்க வேண்டியதில்லை.

இங்கேயே இருப்பவர்களுக்கும் ஒரு கடமை உண்டு. 2017 ஜனவரியில் எண்ணூருக்கு வெளியே இரு கப்பல்கள் மோதிக் கடலில் எண்ணெய் பரவியபோது, அதைக் கரையிலிருந்து வாளி வாளியாக அள்ளியவர்களில் மீனவரும் இளைஞரும் இருந்தார்கள். கரையைப் பார்த்துவிட்டுப் போகிறவர்கள் அந்த வேலையைச் செய்ய முடியாது. அதுபோல, பிள்ளைகளிடம் போய்விட்ட ஒரு முதியவரின் பூட்டிய வீட்டு வாசலில் வெள்ளிக்கிழமை ஒரு கோலம் போடுவதும், தனியே இருக்கும் பக்கத்து வீட்டுப் பெரியவரை இரவு ஒன்பது மணிக்கு ஒருமுறை விசாரிப்பதும் கரையில் இருப்பவர்களால்தான் ஆகும். அந்த விசாரிப்பு இருந்தால், ஊரை விட்டுப் போக வேண்டிய தேவையே சிலருக்கு ஏற்படாது.

அந்த ஆசிரியர் வீட்டை விற்கவில்லை. மாடியை ஓர் இளம் குடும்பத்துக்கு வாடகைக்கு விட்டிருக்கிறார். இரவில் கூப்பிட்டால் இறங்கி வர ஆள் இருக்கிறது. இப்போது இருவரும் மகனிடம் இருக்கிறார்கள். திரும்பும் தேதியை அந்த அம்மையார்தான் குறித்தாராம். கார்த்திகைப் பௌர்ணமிக்கு இரண்டு நாள் முன்பு.