பூனைக்கு எழுந்துபோக வழி விடுங்கள்

விலங்குகளின் துணையோடு மனநலச் சிகிச்சை தரும் முறை, நாயை வைத்தே வளர்ந்தது. அமெரிக்க உளவியலாளர் போரிஸ் லெவின்சன், தன் நாய் ஜிங்கிள்ஸிடம், ஒதுங்கியே இருந்த ஒரு சிறுவன் ஒட்டிக்கொண்டதைக் கவனித்து 1962-ல் எழுதிய கட்டுரையிலிருந்து இதன் நவீன வரலாற்றைச் சொல்வார்கள். பின்னால் வந்த நெறிமுறைகளிலும் நாயின் சுபாவமே படிந்திருக்கிறது. அவற்றை அப்படியே பூனைக்கும் பொருத்துவது அநியாயம்.

நாய்க்கு எசமானர் கூட இருந்தால் பெரும்பாலும் போதும். பூனைக்குத் தன் இடம் வேண்டும். கூடையில் வைத்துத் தூக்கி, மருந்து வாடை வீசும் வார்டில் முன்பின் தெரியாதவர் மடியில் விட்டால், பல பூனைகள் ஓடுவதில்லை, உறைந்துபோகின்றன. கால்களை வயிற்றுக்கடியில் இழுத்துக்கொண்டு, கண்மணி விரிய, காதுகள் பக்கவாட்டில் திரும்ப, வால்நுனி மட்டும் துடிக்கக் கிடக்கும். “எவ்வளவு சாதுவா இருக்கு பாருங்க” என்பார்கள் சுற்றி நிற்பவர்கள். குர்குர் சத்தத்தையும் நம்பிவிட முடியாது. வலியில் இருக்கும் பூனையும் அப்படி ஒலியெழுப்பும்.

விதிகளே இல்லை என்று சொல்லவில்லை. மனித - விலங்கு உறவு அமைப்புகளின் சர்வதேசக் கூட்டமைப்பு 2014-ல் வெளியிட்டு 2018-ல் திருத்திய வெள்ளை அறிக்கை, ஓர் அமர்வை 30 முதல் 45 நிமிடங்களுக்குள் முடிக்கச் சொல்கிறது. அமெரிக்காவின் ‘பெட் பார்ட்னர்ஸ்’ அமைப்பு, ஒரு வயது நிரம்பாத பூனையைச் சேர்ப்பதில்லை. நோயாளிக்குக் கிருமி தொற்றக்கூடும் என்பதால் பச்சை இறைச்சி தின்னும் விலங்குகளையும் ஏற்பதில்லை. நல்ல விதிகள்தான். ஆனால், அங்கே பூனை வார்ப்பட்டையும் கயிறும் மாட்டித்தான் வர வேண்டும். பாதுகாப்புக்கு அது தேவை என்பது புரிகிறது. கட்டிய பூனை எப்படி விலகிப்போகும்?

நகக்கீறலுக்குப் பயந்து நகத்தை எடுத்துவிடும் வழக்கமோ இன்னும் கொடியது. அந்த அறுவையில் விரலின் கடைசி எலும்பே வெட்டப்படுகிறது. நியூயார்க் மாநிலம் 2019-ல் அதைத் தடைசெய்தது. நோயாளியின் நலனுக்காக என்று சொல்லி ஒரு விலங்கின் விரலை வெட்டுவது சிகிச்சை ஆகாது.

பூனையின் விருப்பத்துக்கு விட்டால் காரியம் கெடும் என்ற அச்சத்துக்கு ஆதாரம் இல்லை. நாட்டிங்காம் டிரென்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பிரிட்டனின் பேட்டர்சீ காப்பகத்தில் நடத்தி 2021-ல் வெளியிட்ட ஆய்வில், நெருங்குவதையும் விலகுவதையும் பூனையிடமே விட்டு, கன்னம், தாடை, காதடி ஆகிய இடங்களை மட்டும் வருடக் கற்றவர்களிடம் பூனைகள் கூடுதலாகக் குழைந்தன. சீறலும் கடியும் குறைந்தன.

ரோட் ஐலண்டின் ஸ்டியர் ஹவுஸ் முதியோர் இல்லத்தில் வாழ்ந்த ஆஸ்கரை இங்கே நினைக்கிறேன். மரணத்தை நெருங்கியவர்களின் படுக்கையில் போய்ச் சுருண்டுகொள்ளும் பூனை என்று 2007-ல் மருத்துவர் டேவிட் டோசா எழுதி உலகறிந்தது. அதன் முன்னுணர்வைப் பற்றித்தான் எல்லோரும் பேசினார்கள். எனக்கு முக்கியமாகப் படுவது வேறு: அது அந்த இல்லத்திலேயே வளர்ந்தது, எந்த அறைக்குள் போவது, எப்போது வெளியேறுவது என்பதை அதுவே முடிவுசெய்தது.

பூனையைச் சிகிச்சைக்குச் சேர்க்க நினைக்கும் மருத்துவமனைகளும் இல்லங்களும் முதலில் ஒளிந்துகொள்ள ஒரு பெட்டியையும் ஏறி உட்கார உயரமான ஓர் இடத்தையும் ஏற்பாடு செய்யட்டும். பூனை பெட்டிக்குள் போய்விட்டால் அன்றைய அமர்வு ரத்து. காத்திருக்கும் நோயாளியிடம் அதைச் சொல்லத் தயாராக இல்லாத இடம், பூனையை அழைக்கவே கூடாது.