எந்தக் கலர் அடிக்கலாம்?



விடுமுறையில் நம் வகுப்பறைகளுக்குப் பெயின்ட் அடிக்கப் போகிறார்கள். "என்ன கலர் வேணும்?" என்று கேட்டால் ஒருத்தன் அடர்நீலம் என்கிறான், இன்னொருத்தி ரோஸ் என்கிறாள். யாருக்கு எது பிடிக்கும் என்பதா முக்கியம்? கடைசி பெஞ்சில் இருப்பவருக்கும் எழுத்து தெரிய வேண்டாமா?

ரயில் நிலையப் பெயர்ப் பலகையைப் பாருங்கள். மஞ்சளில் கறுப்பு எழுத்து! ஓடுற வண்டியிலிருந்தே ஊர்ப்பெயரைப் படித்துவிடலாம். அமெரிக்காவில் 1939-ல் பள்ளிப் பேருந்துக்கு மஞ்சளைத் தேர்ந்தெடுத்ததும், அதன்மேல் கறுப்பு எழுத்து விடியற்காலை மங்கல் வெளிச்சத்திலும் தெரியும் என்பதால்தான்.

அடர்ந்த நிறச் சுவர் வெளிச்சத்தை விழுங்கிவிடும். கரண்ட் போனால் பகலிலேயே இருட்டுதான். வெளிர் நிறமோ ஜன்னல் வெளிச்சத்தை அறை முழுக்கப் பரப்பும்.

இன்னொன்று. சிலருக்குச் சிவப்பும் பச்சையும் பிரித்துத் தெரியாது. இது பையன்களிடம்தான் அதிகம். பச்சைப் போர்டில் சிவப்பு சாக்பீஸால் எழுதினால் அவன் என்ன செய்வான்? கேலி செய்வார்களோ என்று வெளியில் சொல்லவும் மாட்டான்.

ஆகவே என் கருத்து இதுதான்:
* மேற்கூரைக்கு வெள்ளை.
* சுவருக்குச் சந்தன நிறம்.
* கைபட்டு அழுக்காகும் கீழ் மூன்றடிக்கு மட்டும் பழுப்பு.
* வகுப்புப் பெயர்ப் பலகைக்கு மஞ்சளில் கறுப்பு.
* போர்டில் எழுத வெள்ளை, மஞ்சள் சாக்பீஸ்.

அழகு வேண்டாம் என்று சொல்லவில்லை. முதலில் எல்லாருக்கும் தெரியட்டும், அப்புறம் அழகாக இருக்கட்டும்!

சிந்திப்பீர்!

– கடைசி பெஞ்ச் மாணவி, 9 'ஆ'